கொக்குவிற் புகையிரத நிலையம்

யாழ்ப்பாண நகரை விட்டுக் காங்கேசன்துறை நோக்கிப் புறப்படும் வண்டி முதலில் அடைவது கொக்குவில் நிலையமாகும். சிறிய நிலையந்தான், எனினும், அதன் வரலாறு குடாநாட்டு மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது.

வடபகுதி இருப்புப் பாதை கொழும்பிலிருந்தே படிப்படியாக நீண்டு வந்ததென்று மாணவர் பலர் எண்ணுவர். உண்மை அஃதன்று. குடாநாட்டில் முதன்முதல் வண்டி ஓடியது 1902ஆம் ஆண்டில். அது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலேயே ஓடியது. கொழும்புடன் நேர்த்தொடர்பு ஏற்பட்டது 1905இலேதான். ஆகவே, கொழும்பு செல்லாத வண்டியையே கொக்குவில் மக்கள் முதலிற் கண்டனர்.

கொக்குவிலும் அயலூரான கோண்டாவிலும் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. இங்குச் சுற்றப்பட்ட சுருட்டுகள் தென்னிலங்கைச் சந்தைகளுக்குச் சென்றன. அவற்றை விற்க யாழ்ப்பாணத்தார் அங்குக் கடைகள் வைத்தனர். மாட்டுவண்டியும் தோணியும் பல நாட்களில் முடித்த பயணத்தைப் புகையிரதம் ஒரு நாளுக்குள் அடக்கியது. தந்தை கொழும்பில் உத்தியோகம், தாயும் பிள்ளைகளும் ஊரில் என்னும் குடும்ப வாழ்க்கைக்கும் இப்பாதையே துணையாயிற்று. 1956இல் 'யாழ்தேவி' கடுகதி ஓடத் தொடங்கிய பின்னர் அத்தொடர்பு மேலும் நெருக்கமாயிற்று. 1950 முதல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தி செய்த சீமெந்தும் இவ்வழியே தெற்கே சென்றது.

1990இற் போர் காரணமாகச் சேவை நின்றது. வடபாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரை தாங்கின. பிரயாணிகளைச் சுமந்த இரும்பு, பின்னர் அவர்தம் உயிரைக் காக்கும் பணியை ஏற்றது!

இந்தியக் கடனுதவியுடன் பாதை புதிதாக அமைக்கப்பட்டது. 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. இடைப்பட்ட சுமார் இருபத்தைந்து ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஊரிலே 'ஸ்ரேசன் வீதி' என்ற பெயரைக் கேட்டனர். வண்டியின் ஓசையைக் கேட்டிலர்.

கட்டடத்தையும் தண்டவாளத்தையும் பணங்கொண்டு மீட்கலாம். பழைய நிலையத்தில் யார் யாரை வழியனுப்பினர், எவ்வூருக்கு எத்தனை சிப்பம் சுருட்டு ஏறியது என்பன முதியோர் நினைவிலேயே எஞ்சியுள்ளன. மாணவர்களே, உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தபின் அவற்றை மீட்டுத்தர எந்தக் கடனுதவியும் வாராது.