புகைக்கப்பலும் நீராவிக்கப்பலும்

நீராவியின் ஆற்றலால் இயங்கிய கலத்தைத் தமிழர் ஒரு பெயரால் மட்டும் வழங்கினாரல்லர். புகைக்கப்பல், நீராவிக்கப்பல் என்னும் இரண்டும் வழங்கின. 'ஸ்டீமர்' என்னும் பிறமொழிச் சொல்லும் பயின்றது. முன்னிரண்டையும் ஒருபொருட் பன்மொழி எனக் கொண்டு அமைவர் பலர். யாம் அவ்வாறு கருதவில்லை.

புகைக்கப்பல் என்பது கரையில் நின்று காண்பான் இட்ட பெயர். கலம் கண்ணுக்குப் புலனாகுமுன் புலனாவது புகையே. அப்புகை நிலக்கரி எரிதலால் எழுவது. கலத்தைச் செலுத்துவது அதுவன்று. புகைவண்டி என்னும் பெயரும் இவ்வாறு பிறந்ததே. மலையாளத்தார் தீவண்டி என்றதும், மலாய் மொழியினர் 'காப்பல் ஆப்பி', அதாவது தீக்கப்பல், என்றதும் நெருப்பை நோக்கியவை. இம்மலாய்த் தொடரின் முதற்சொல் நம் 'கப்பல்' என்பதே என்பர் அறிஞர். நீராவிக்கப்பல் என்பதோ, காட்சியை விடுத்து, இயக்கும் காரணத்தைச் சுட்டுகிறது.

இங்கு ஒன்று நினைவுகூரத்தக்கது. 'ஆவி' என்பதற்கு வாவி, அதாவது குளம், என்னும் பொருளும் உண்டு. நீராவி என்பதும் குளத்தைக் குறித்து வழங்கியதே. யாழ்ப்பாணத்து நீராவியடி என்னும் ஊர்ப்பெயரை நோக்குக. பழைய ஆவணத்தில் நீராவி எனக் கண்டதும் பொறியை நினைத்தல் பிழையாகும்.

அடைமொழியின் இடப்பெயர்ச்சி இன்னும் சுவையானது. பாயால் இயங்குவதே இயல்பாயிருந்த நாளில் வாளா 'கப்பல்' என்றாலே அது பாய்க்கப்பல். புதியதற்கே அடை வேண்டியிருந்தது. பொறிக்கலம் பெருகியபின் நீராவி என்னும் அடை நழுவிற்று. பழையதே 'பாய்மரக்கப்பல்' என அடைபெற்று நின்றது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையில் வரும் கப்பலுக்கு இற்றைப் பொருளை ஏற்றிக் குறிப்பெழுதுதல் தகாது. 1825-இல் கல்கத்தாவை அடைந்த 'எண்டர்பிரைசு' பாயும் நீராவியும் ஒருங்கே கொண்டது. அக்காலக் கலங்களை இருவகையாகக் கூறிட்டு விடுதலும் எளிதன்று.

1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் நிறுவிய கப்பற் கழகத்தின் ஆங்கிலப் பெயரில் நீராவியைக் குறிக்கும் சொல் உண்டு. 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்னும் தமிழ் வழக்கில் அஃது இல்லை. சங்க நூல்களில் பாய்க்கலத்தைக் குறித்த நாவாய், 'காலியா', 'லாவோ' என்னும் நீராவிக் கலங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

1912-இல் 'செலாண்டியா' என்னும் டேனியக் கப்பல் டீசற்பொறியால் பெருங்கடல் கடந்தது. அத்தகையவற்றை நீராவிக்கப்பல் என்றல் பொருந்தாது; மொழிபெயர்ப்பாளர் சிலர் இவ்வேறுபாட்டை நோக்காது எழுதிவிடுகின்றனர். பொறிக்கப்பல் எனின் இரண்டிற்கும் பொதுவாகும்.