ஜெட் படகு எஞ்சினில் ஃபிளைவீலும் ஃபிளெக்ஸ்பிளேட்டும்

ஃபிளைவீல் என்பது எஞ்சினின் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம். ஃபிளெக்ஸ்பிளேட் மெல்லிய எஃகுத் தட்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றிக்கொள்ளும் பல்வளையம் இரண்டிலும் உண்டு. ஆட்டோமேட்டிக் கார்களில் தட்டின் எடைக்குறையை டார்க் கன்வெர்ட்டர் ஈடுசெய்கிறது. ஜெட் படகிலோ எஞ்சின் பெரும்பாலும் நீர்ப் பம்பை நேரடியாகவே சுழற்றுகிறது, கன்வெர்ட்டர் இல்லை. ஆகவே ஃபிளெக்ஸ்பிளேட் பொருத்திய எஞ்சின் சட்டென வேகமெடுக்கும். படகு துள்ளிப் பம்பு காற்றை இழுத்தாலும் அதேபோல் எகிறும். கனமான ஃபிளைவீல் அதைச் சற்றுத் தாமதப்படுத்தும்.

எடையைவிட முக்கியமானது சமநிலை. அமெரிக்க ஜெட் படகுகளில் காணப்படும் செவர்லே 454 எஞ்சினுக்கு, எதிரெடை வைத்த ஃபிளைவீலோ ஃபிளெக்ஸ்பிளேட்டோதான் பொருந்தும். அதே குடும்பத்து 427 எஞ்சினின் கிராங்க் தண்டு தன்னளவிலேயே சமன் செய்யப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றி மாட்டினால், அதிர்வு பேரிங்குகளைத் தின்றுவிடும்.