வட்டார வழக்குத் தரவுகளும் கிட் மென்பொருளின் கோப்புறை மரமும்

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியின் மரவள்ளிச் சாகுபடி, தறிநெசவு சார்ந்த வட்டாரச் சொற்களைக் கணினியில் தொகுப்போருக்கு, எப்பதிவு எப்போது திருத்தப்பட்டது என்பதற்குச் சான்று தேவை. அச்சான்றைப் பேணவல்ல கருவிகளுள் ஒன்று, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய கிட் மென்பொருள். அது கோப்புறைகளின் நிலையைப் பதியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மரத்தின் அமைப்பு

கிட், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணிக்கிறது. எஸ்எச்ஏ-1 முறையில் இதன் நீளம் 160 பிட். கோப்பின் பெயர் உள்ளடக்கத்துடன் சேமிக்கப்படுவதில்லை. கோப்புறைக்குரிய ‘மரம்’ என்னும் பதிவில் ஒவ்வோர் உறுப்பின் பெயரும் வகையும் அடையாள எண்ணும் இடம்பெறும். மரத்துக்கும் அவ்வாறே ஓர் எண் உண்டு. அது தாய்க்கோப்புறையின் மரத்தில் பதிவாகும்.

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 முதல் இயங்குகிறது. ‘சேலம்’ கோப்புறைக்குள் உள்ள ‘நாமக்கல்’ கோப்புறையை அதுபோல் வெளியே எடுத்து வைப்பதாகக் கொள்வோம். இராசிபுரம், திருச்செங்கோடு தரவுகளைத் தாங்கும் நாமக்கல் மரத்தின் எண் மாறாது. சேலம் மரமும் வேர்மரமும் மட்டுமே புதிதாக எழுதப்படும்.

இடைச்சேமிப்பு

ஒவ்வொரு பதிவின்போதும் எல்லா மரங்களையும் மீண்டும் கணிப்பது வீண். ஆகவே, கிட் தன் ‘இன்டெக்ஸ்’ கோப்பில் இருவகைக் குறிப்புகளை வைத்துக்கொள்கிறது. முதலாவது, கோப்பின் அளவு, மாற்றநேரம் போன்றவை. இவை மாறாதிருப்பின் கோப்பை மீண்டும் படிப்பதில்லை. இரண்டாவது, முன்பே கணித்த மரங்களின் எண்கள். ஓமலூர்க் கோப்பு ஒன்றைத் திருத்தி இன்டெக்ஸில் சேர்த்தால், அதிலிருந்து வேர்வரையுள்ள கோப்புறைகளின் குறிப்புகள் மட்டும் செல்லாதனவாகும். ஆத்தூர் மரத்தின் எண் அப்படியே எடுத்தாளப்படும்.

தமிழ்ப் பெயர்களின் சிக்கல்

மரத்தில் பெயர்கள் பைட் வரிசையாகவே பதிவாகின்றன. ‘கொங்கணாபுரம்’ என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவோ, எகரக் குறியும் கால் குறியுமாக இரு குறியீடுகளாகவோ எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கணினியில் கிட்டுக்கு அவை இருவேறு கோப்புகள். ஒரே ஊரின் சொற்கள் இரண்டாகப் பிரிய இது வழிவகுக்கும்.

முடிவுரை

ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் எண்ணைச் சுமப்பதால், பழைய பிழையை வரலாற்றிலிருந்தே நீக்கினால் அதற்குப் பின்னுள்ள பதிவுகள் அனைத்தின் எண்களும் மாறும். அவற்றைச் சுட்டிய மேற்கோள்களும் பயனற்றுப் போகும். எனவே, தமிழ்க் கோப்புப் பெயர்களை ஒரே ஒருங்குறி வடிவுக்குக் கொணர்தல் முதற்பதிவுக்கு முன்பே முடிய வேண்டிய பணியாகும்.