கோமுகத்துக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்!

ராமநாதபுரத்துக்காரனுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஐஸை இரண்டே இடத்தில்தான் பார்க்கலாம். ஒன்று, மீன் பெட்டி. இன்னொன்று, பள்ளிக்கூட வாசலுக்கு மணி அடித்துக்கொண்டு வருகிற குச்சி ஐஸ் வண்டி. மார்கழி விடியலில் லேசாகக் குளிர் தட்டினாலே மப்ளரைத் தேடுகிற ஆசாமிகள் நாங்கள்.

அப்பேர்ப்பட்டவன், கங்கோத்திரிக்கும் மேலே, சுமார் 12,000 அடி உயரத்தில், கையில் ஒரு செப்புச் செம்பைப் பிடித்துக்கொண்டு பனிக்கு முன்னால் நின்றேன் என்றால் அதற்குக் காரணம், அப்பா.

அப்பா பாம்பனில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டையரானவர். சேதுவில் மணல் எடுத்துப் போய்க் கங்கையில் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்கிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடநாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து செய்துவிட்டுப் போவதை வாழ்நாள் பூராவும் பார்த்தவர் அப்பா. தான் செய்யவில்லையே என்று ஒரு குறை. இப்போது முழங்கால் இரண்டும் ஸ்டிரைக்.

"நீ போய்ட்டு வா அப்பு. பிரயாகையிலதான் கரைக்கணும்பாக. கங்கை எங்க இருந்தாலும் கங்கைதானே! தண்ணிய மட்டும் அது பொறக்குற இடத்துலயே மொண்டுக்கிட்டு வா" என்றார்.

பிறக்கிற இடம் என்றால் கோமுகம். கங்கோத்திரிப் பனியாற்றின் வாய். கங்கோத்திரி கோயிலிலிருந்து 18 கிலோமீட்டர் நடை. பஸ், குதிரை வண்டி எதுவும் கிடையாது. இரண்டு கால்தான்.

எல்.டி.சி. எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க்கும் "நானும் வர்றேன்யா" என்று ஒட்டிக்கொண்டார். கொரோனாவுக்கு முந்தைய ஒரு மே மாதம். அட்சய திருதியை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இங்கேதான் சார் நாங்கள் தப்புக் கணக்குப் போட்டோம். கங்கோத்திரி கோயில் தீபாவளியை ஒட்டி மூடி, அட்சய திருதியை அன்று திறக்கும். நடுவில் அம்மன் முக்பா கிராமத்துக்கு இறங்கி வந்துவிடுவாள். கோயில் நடை திறந்தாச்சு என்றால் பாதையும் திறந்தாச்சு என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? கோயிலைத் திறக்கப் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள். பனி பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே!

குளிர்காலம் முழுக்க மலைச்சரிவில் சேர்ந்த பனி, சரிந்து ஓடைப் பள்ளங்களில் வந்து அடைத்துக்கொள்கிறது. பாதை காய்ந்து பளிச்சென்று இருக்கும். ஒரு திருப்பம் திரும்பினால் குறுக்கே ஒரு வெள்ளை நாக்கு தொங்கும். மேலே ஆயிரம் அடி, கீழே பாகீரதி நதி வரைக்கும். இந்த நாக்குகள் சில வருஷங்களில் ஜூன் மாதம் வரை கரையாது.

உத்தரகாசியில் வனத்துறை ஆபீஸில் பர்மிட் வாங்கினோம். ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல் விடுவதில்லை. பனியாறு தேய்ந்துகொண்டே போகிறது என்று 2008-ல் கொண்டுவந்த கட்டுப்பாடு. கங்கோத்திரி போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டியாக ஒரு கடுவாலிப் பையன் கிடைத்தான். இருபத்திரண்டு வயசு இருக்கலாம். எங்கள் இந்தி அவனுக்குப் புரியவில்லை. எங்கள் இந்தி எங்களுக்கே புரியாது என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்றை மட்டும் நாலு விரலைக் காட்டித் தெளிவாகச் சொன்னான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

ஹெட் கிளார்க் சிரித்தார். "நாலு மணிக்கா? ஆபீஸுக்கே பத்தரைக்குத்தான்யா போறேன்!"

வெந்நீர் வந்து, குளித்து, ஆலு பரோட்டா இரண்டு ரவுண்டு முடித்துக் கிளம்பும்போது மணி ஒன்பது. பையன் ஒன்றும் பேசவில்லை. சூரியனை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மத்தியானம்தான் புரிந்தது.

செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் சாமான்களை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். (போனது அத்தனையும் திரும்பி வர வேண்டுமாம். நம்ம தனுஷ்கோடியிலும் யாராவது எண்ணினால் தேவலை!) முதல் பனி நாக்கைப் பதினொரு மணி வாக்கில் கடந்தோம். கால் வைத்தால் 'கறுக்' என்றது. கணுக்கால் வரை இறங்கியது. ஹெட் கிளார்க் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "சர்பத் ஊத்தினா நல்லாருக்கும்" என்றார். நானும் ஹீரோ மாதிரி நாலு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம். கூலிங் கிளாஸை யாரும் ஸ்டைல் என்று நினைக்க வேண்டாம். புதுப் பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேலேயிருந்து ஒரு சூரியன், கீழேயிருந்து ஒரு சூரியன். கண்ணாடி இல்லாமல் போனால் அன்றைக்கு ராத்திரி கண்ணில் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கும். நான் ஏழெட்டு நிமிஷம் போட்டோவுக்காகக் கழற்றியதற்கே படுக்கும்போது கண் கரித்தது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் சீட்வாசா. பைன் மரங்கள் நிற்கிற இடம். மூச்சு வாங்கியது. பாம்பனில் கடல் மட்டத்தில் பிறந்த நுரையீரல் சார்! கோமுகத்தின் உயரமான 13,000 அடியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, இயற்கைக் காட்சியை ரசிப்பது மாதிரி நடிக்க வேண்டியிருந்தது. எதிரே பாகீரதி சிகரங்கள் பளபளவென்று நின்றன. ஒரிஜினலாக ரசிக்க நமக்குத்தான் தெம்பில்லை.

இன்னும் ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அந்தப் பள்ளம் வந்தது. மணி இரண்டரை.

காலையில் பார்த்த நாக்கைவிட இது மூன்று மடங்கு அகலம். நடுவில் காலடித் தடம் வரிசையாகப் போயிருந்தது. காலையில் போனவர்களுடையது. அவர்கள் போயிருக்கிறார்கள் என்றால் நாமும் போகலாம் என்றுதானே தோன்றும்? பையன் எங்களை நிறுத்திவிட்டு, தடியை நீட்டிப் பனியைத் தட்டினான். 'தொம்' என்றது. இன்னும் ஒரு அடி தள்ளித் தட்டினான். 'தொம்... தொம்...' காலி டிரம்மைத் தட்டுகிற சத்தம்.

கீழே ஓடை ஓடுகிறது. மேலே இருப்பது பனிப் பாலம். ராத்திரி உறைந்து கருங்கல்லாக இருப்பது, வெயில் ஏற ஏற மேலே இளகும். அதே நேரம் அடியில் ஓடுகிற தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்குப் பத்து பேரைத் தாங்கிய பாலம், மத்தியானம் ஒரு ஹெட் கிளார்க்கைத் தாங்காது. தடம் என்னவோ அதே தடம்தான். அதற்குக் கீழே இருப்பது அதே பனி இல்லை. போதாததற்கு, மேலே பாறைகளை ஒட்ட வைத்திருந்த ஐஸும் வெயிலில் விட்டுப்போய், சின்னதும் பெரிசுமாகக் கல் உருண்டு வந்துகொண்டிருந்தது.

எனக்குத் தனுஷ்கோடி ஞாபகம் வந்தது. 2017-ல் தார் ரோடு வருவதற்கு முன்னால் அரிச்சல்முனைக்கு மணலில்தான் நடப்போம். ஈர மணலில் நட, காய்ந்த மணலில் கால் புதையும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இங்கே கணக்கே தலைகீழ். ஈரம் ஏறினால் புதையும்.

பையன் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினான். "வாபஸ்."

ஹெட் கிளார்க்குக்குக் கோபம். "ஆயிரத்தெட்டு மைல் தாண்டி வந்திருக்கேன். இன்னும் எட்டே எட்டு கிலோமீட்டர்! நாலு நாள்ல டில்லியில ரிசர்வேஷன். மறுபடி லீவு யாரு தருவா?" என்று தமிழிலேயே சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான். செம்பு கையில் கனத்தது. அப்பாவிடம் என்ன சொல்வது?

குறுக்கே வைத்த அந்தக் கையைப் பார்த்தபடி நின்றேன். அப்பா காலத்துப் பாம்பன் பாலத்தில் (1914-ல் திறந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது) காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு விழுந்துவிடும். வண்டியில் மந்திரியே இருந்தாலும் மண்டபத்தில் நிற்க வேண்டியதுதான். சின்ன வயசில் நான் அழுதிருக்கிறேன், "காத்து கொஞ்சந்தானேப்பா அடிக்குது!" என்று. அப்போதெல்லாம் அப்பா 1964-ஐச் சொல்லுவார். டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் தனுஷ்கோடிக்குக் கிட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்றதையும், பிறகு விசில் கொடுத்துவிட்டு மெதுவாக நகர்ந்ததையும் பாம்பனில் இன்றைக்கும் சொல்வார்கள். ஸ்டேஷன் கண்ணுக்கெட்டுகிற தூரம்தான். நூறு பேருக்கு மேல். ஒருவரும் மிஞ்சவில்லை.

"சார், திரும்பிடலாம்" என்றேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நாலு இளைஞர்கள் வந்தார்கள். டில்லிப் பக்கம். வழிகாட்டி கிடையாது, பாட்டுப் பெட்டி உண்டு. பையன் தடுத்தான். முதல் ஆள் சிரித்துக்கொண்டே தடத்தில் கால் வைத்து ஆறேழு எட்டு வைத்தான். எட்டாவது எட்டில் ஆள் பாதியாகிவிட்டான்.

இடுப்பு வரை உள்ளே. கத்தக்கூட இல்லை. முகத்தில் ரத்தம் சுண்டி, இரண்டு கையாலும் பனியைப் பிடிக்கப் பார்க்கிறான், பிடித்த இடமெல்லாம் உதிர்கிறது. எங்கள் பையன் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனிமேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போனான். நின்றால் கால் பதியும், படுத்தால் பாரம் பரவும். தடியை நீட்டினான். நாங்கள் நாலைந்து பேர் பையன் காலைப் பிடித்து இழுத்தோம். வந்தான். ஒரு ஷூ வரவில்லை.

ஐந்து நிமிஷத்தில் அவனுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. ஈரத்தை எல்லாம் கழற்றச் சொல்லி, துடைத்து, உலர்ந்த துணி போட்டோம். ஹெட் கிளார்க் தன் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாயையும் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் 'எட்டே எட்டு கிலோமீட்டர்' பேச்சை அவர் எடுக்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் கங்கோத்திரி வந்து விழுந்தோம். மறுநாள் நாலு மணிக்கே கிளம்பி இன்னொரு தரம் முயற்சி பண்ணலாம் என்றுதான் படுத்தேன். ராத்திரி ஹெட் கிளார்க்குக்கு மண்டை பிளக்கிற வலி, இரண்டு தரம் வாந்தி. உயரக் கோளாறு. சமவெளியிலிருந்து விறுவிறுவென்று வந்து ஒரே ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மேலே ஏறினதன் கூலி. தலைவலியும் வாந்தியும் இருக்கும்போது ஓர் அடிகூட மேலே ஏறக் கூடாது, கீழே இறங்குவதுதான் மருந்து என்று பையன் ஜாடையில் சொன்னான். 3,800 அடி உயரமுள்ள உத்தரகாசிக்கு இறங்கியதும் மனிதர் இரண்டு தட்டு சாதம் கேட்டார். வலி போன இடம் தெரியவில்லை.

போக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். மே மாதமே வேண்டும் என்றால் ஹர்சிலில் ஒரு நாள், கங்கோத்திரியில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்குங்கள். கான்வாஸ் ஷூ வேண்டாம், கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் வேண்டும். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல் சங்கிலி கிடைத்தால் இன்னும் நல்லது. பனி நாக்குகளை வெயில் ஏறுமுன் தாண்டிவிடுங்கள். லீவு கேட்கும்போது இரண்டு நாள் சேர்த்துக் கேளுங்கள், இதுதான் முக்கியம். மழை மாதங்களில் மலை சரியும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வானமும் பாதையும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஜூன் வந்துவிட்டால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜூன் முதல் வாரத்தில் இதே உத்தரகாசிப் பக்கம் சஹஸ்திர தால் மலைப்பாதையில், கர்நாடகத்திலிருந்து போன குழு பனிக்காற்றில் மாட்டி ஒன்பது பேர் இறந்துபோனார்கள். மலை ஏறிப் பழகியவர்கள் அவர்கள்.

சேது மணலைக் கங்கோத்திரிப் படித்துறையில்தான் கரைத்தேன். செம்பையும் அங்கேயே நிரப்பி, வாயை அடைத்தேன்.

பாம்பன் வந்ததும் அப்பா செம்பை இரண்டு கையாலும் வாங்கினார்.

"கோமுகத்துத் தண்ணியா அப்பு?"

மூன்று நாள் ரயிலில் ஒத்திகை பார்த்த பொய் தொண்டை வரை வந்தது. வரவில்லை. பள்ளத்தையும், தொம் தொம் சத்தத்தையும், இடுப்பளவு போன பையனையும் சொல்லி முடித்தேன். அப்பா ரொம்ப நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ என்று பயந்துவிட்டேன்.

"அந்த வழிகாட்டிப் பயலுக்கு எம்புட்டுக் குடுத்தே?"

"மூணு நாளைக்குப் பேசினதுப்பா. ஒரு நாள்தான் நடந்தோம். மூணு நாள் கூலியும் குடுத்துட்டேன்."

"அதான்" என்றார். செம்பை சாமி மாடத்தில் வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "வெள்ளன எந்திரி. மொத பஸ்ஸுக்கு ராமேஸ்வரம் போவோம். முழங்காலு அதுவரைக்கும் தாங்கும்."

ஹெட் கிளார்க் மட்டும் ஆபீஸில் இன்றைக்கும் கோமுகத்தில் முங்கிக் குளித்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த வருஷம் ரிட்டையராகப் போகிற மனுஷன். நீங்களும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்!