பாபுல் மட்டும்தான் நமது கண்ணில் பட்டது

காத்தான்குடியில் நாம் ஆற்றங்கரை என்று சொல்லும் வாவிக்கரையில் இஷாவுக்குப் பின்னர் கூடும் பையன்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பாபுல், மாவா, சிகரெட், இப்போது ஐஸ். பேச்சு பெரும்பாலும் "கெட்டுப்போன பிள்ளைகள்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

நான் கற்பித்த பத்தாம் தர மாணவன் ஒருவன் பாபுலோடு பிடிபட்டான். இரண்டு வாரம் பாடசாலைக்கு வர வேண்டாம் என்று தீர்மானித்தவர்களில் நானும் ஒருவன். வரவுப் பதிவேட்டைப் பிறகுதான் புரட்டினேன். பல மாதங்களாகவே அடிக்கடி வரவில்லை. கணிதப் புள்ளி சரிந்திருந்தது. கிரிக்கெட்டையும் தானாக விட்டிருந்தான். வாப்பா கட்டாரில். "ராவையில தூங்குறானில்ல சேர்" என்றார் உம்மா. பாபுல் இவை எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது.

பதின்ம வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. எரிச்சல், எதிர்த்துப் பேசுதல், தூக்கமின்மை, பிடித்ததைக் கைவிடுதல் என்றும் வரும். புகையிலையின் நிக்கொட்டின் சற்று நேரம் மனதை லேசாக்கும். அது இறங்கியதும் பதற்றம் கூடும், மறுபடி தேடச் சொல்லும். உலகில் 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழில் ஒருவருக்கு ஏதோவோர் உளநலப் பிரச்சினை உண்டு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. விற்ற கடைக்காரரை நாம் கேட்டோமா? அன்று நானும் கேட்கவில்லை.

இதை ஈமான் குறைவு என்போரும் உண்டு. மகன் யூசுப்பைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆனே சொல்கிறது. நபியின் ஈமானில் யார் குறை காண்பது?

சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது. கையெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதபோது அந்த நேரத்து ஆவேசம் கடந்துபோகிறது. வீட்டு மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்.

1926 தேசிய உளநல உதவி இலக்கம், எந்நேரமும் அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கிளினிக்குக்குப் போகும்போது சாச்சா, மாமா எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். உம்மாவோ வாப்பாவோ ஒருவர் போதும்.