மடிநோய்க் கிருமிகளைக் கண்டறிதல்

பசுவின் பால்மடியில் ஏற்படும் அழற்சி மடிநோய் எனப்படும். பெரும்பாலும் காம்புத் துளை வழியாக உள்ளே நுழையும் பாக்டீரியாக்களே இதற்குக் காரணம். மடி வீங்கிச் சூடாவதும், பால் நீர்த்தோ கட்டிகட்டியாகவோ வருவதும் இதன் அறிகுறிகள். ஆனால் அறிகுறிகளை மட்டும் பார்த்து எந்தக் கிருமி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிருமி தெரியாமல் மருந்து செலுத்தினால் நோய் தீராமல் போகலாம். மருந்து கலந்த பாலை விற்க முடியாததால் இழப்பும் கூடும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகவும் அது வழிவகுக்கும்.

தொழுவத்தில் செய்யும் சோதனை

வெளியே அறிகுறி தெரியாத மடிநோயும் உண்டு. இதைக் கண்டறிய 1957-இல் ஷாம், நூர்லாண்டர் ஆகியோர் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையை வெளியிட்டனர். நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனிக் குழிகளில் பீய்ச்சி, சோப்புத் தன்மையுள்ள கரைசலைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். பாலில் வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தால் அவை உடைந்து, வெளிப்படும் டி.என்.ஏ. காரணமாகக் கலவை கூழ்போல் தடிக்கும். எந்தக் காம்பில் அழற்சி உள்ளது என்பதை இச்சோதனை காட்டும். எந்தக் கிருமி என்பதைக் காட்டாது.

பால் மாதிரி எடுத்தல்

மருந்து செலுத்தும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும். காம்பு நுனியை 70 விழுக்காடு ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சல்களை ஒதுக்கிவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்வாகப் பிடித்துப் பாலைச் சேகரிக்க வேண்டும். உடனே பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே மாதிரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கிருமிகள் வளர்ந்தால், சாணமோ தோலின் அழுக்கோ கலந்துவிட்டதாகக் கருதப்படும்.

ஆய்வகச் சோதனைகள்

பால் இரத்த அகார் தட்டில் தடவப்பட்டு, 37 பாகை செல்சியசில் 24 முதல் 48 மணி நேரம் வைக்கப்படும். வளரும் கிருமிகள் கிராம் சாயமேற்றல் மூலம் முதலில் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன.

கிராம் நேர் கோளக் கிருமிகளின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடு விடப்படும். நுரைத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பொதுவாகக் கொள்ளலாம். நுரைத்த கிருமி இரத்த நீர்மத்தையும் உறையச் செய்தால், அது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேவைப் பிரித்தறிய கேம்ப் சோதனை உதவுகிறது. 1944-இல் இதை விவரித்த கிறிஸ்டி, அட்கின்ஸ், மன்ச்-பீட்டர்சன் ஆகியோரின் பெயர்களிலிருந்து இப்பெயர் உருவானது. இதில் இரத்த அணுக்கள் சிதைந்த பகுதி அம்புமுனை வடிவில் தெரியும்.

கிராம் எதிர்க் கிருமிகளுக்கு மக்கான்கி அகார் பயன்படுகிறது. பாலின் சர்க்கரையான லாக்டோசை நொதிக்கச் செய்யும் எஸ்செரிச்சியா கோலி இதில் இளஞ்சிவப்பாக வளரும்.

கிருமி அறிவதன் பயன்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே பெரும்பாலும் மடியையே இருப்பிடமாகக் கொண்டது. பெனிசிலினுக்கு நன்கு கட்டுப்படும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் பதுங்குவதால் எளிதில் தீராது. கறக்கும் கைகள், கருவிகள், துணி வழியாகப் பரவும் என்பதால் அந்தப் பசுவைக் கடைசியாகக் கறப்பது நல்லது. எஸ்செரிச்சியா கோலி சாணத்திலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வருவது. எனவே தொழுவத்தின் தூய்மையில் கவனம் தேவை. மைக்கோபிளாஸ்மா போவிசுக்குச் செல்சுவர் இல்லை. அதனால் செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் அதனிடம் பயன்படாது.

கிருமி வளராத மாதிரிகள்

தட்டில் எதுவும் வளராததால் நோய் இல்லை என்று பொருளாகாது. பசுவின் உடலே கிருமியை அழித்திருக்கலாம். முன்பே மருந்து கொடுத்திருக்கலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாலில் விட்டுவிட்டு வெளிப்படுவதால் ஒரு சோதனை போதாது. மைக்கோபிளாஸ்மாவுக்குத் தனி வளர்ப்பு ஊடகமும் கூடுதல் நாட்களும் தேவை.

இத்தகைய நிலைகளில், கிருமியின் டி.என்.ஏ.-வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறை உதவுகிறது. ஆனால் அது இறந்த கிருமியின் டி.என்.ஏ.-வையும் காட்டும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை நேரடியாகப் பார்க்க, அதை உயிருடன் வளர்த்து மருந்து வில்லைகளுடன் சோதிக்கும் முறையே இன்றும் பயன்படுகிறது.