கொரோனா வைரசின் கூர்முட் புரதமும் அதனைப் பற்றும் சிறு பெப்தைட்டுகளும்

உயிர்களின் உடலில் நிகழும் தொழில்களுட் பெரும்பாலானவை ஒரு மூலக்கூறு மற்றொன்றைப் பற்றுவதாலேயே நிகழ்கின்றன. நோயும் இதற்குப் புறம்பன்று. 2019ஆம் ஆண்டின் இறுதியிற் சீனாவின் வூகான் நகரில் அறியப்பட்டு உலகெங்கும் பரவிய கொரோனா வைரசு, மனிதனின் கலத்தினுள் நுழைதற்கு முதற்கண் அக்கலத்தைப் பற்றுதல் வேண்டும். அப்பற்றினைத் தடுப்பின் நோய் தொடங்குமிடத்திலேயே தடைப்படும். இவ்வெண்ணமே சிறு பெப்தைட்டுகளைத் தேடும் முயற்சிக்கு அடிப்படையாயிற்று.

வைரசின் மேற்பரப்பில் முட்கள் போல நீண்டு நிற்பது கூர்முட் புரதம். ஒரே வகையான மூன்று சங்கிலிகள் சேர்ந்து ஒரு முள்ளாகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் 1273 அமினோவமிலங்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய 220 அமினோவமிலங்களாலான ஒரு பகுதியே மனித கலத்தின் மேலுள்ள ஏ.சீ.ஈ. 2 என்னும் புரதத்தைப் பற்றுவது. அதனைப் பற்றுபகுதி எனலாம்.

பெப்தைட்டு என்பது அமினோவமிலங்கள் தொடுத்த குறுஞ்சங்கிலி. உடல் ஆக்கும் பிறபொருளெதிரி ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோவமிலங்களைக் கொண்டது. அதனை ஆக்குதற்கு உயிர்க்கலங்கள் வேண்டும். பெப்தைட்டையோ இரசாயன முறையால் ஆய்வுகூடத்திலேயே விரைவில் ஆக்கலாம். ஆயின் எப்பெப்தைட்டு பற்றும் என்பதை அறிவதெங்ஙனம்?

இயற்கையைப் பார்த்து எழுதுதல் முதல் வழி. ஏ.சீ.ஈ. 2 புரதத்தின் முதற் சுருளே வைரசைப் பெரிதும் தொடுவது. அமெரிக்காவின் மசாச்சுசெற்சு தொழினுட்ப நிறுவகத்தார் 2020இல் அச்சுருளினின்று 23 அமினோவமிலங்களைப் படியெடுத்து ஒரு பெப்தைட்டை ஆக்கினர். அது பற்றுவதாக முதலிற் தோன்றிற்று. ஆயினும் வேறிடங்களிற் பெற்ற பற்றுபகுதியோடு சோதித்தபோது அது பற்றவில்லை. இதனை அவர்களே திருத்தி அறிவித்தனர். முழுப் புரதத்தினின்று பிரித்தெடுத்த சிறு துண்டு தன் சுருள்வடிவை இழந்துவிடுதல் இம்முறைக்குள்ள பொதுவான இடர்ப்பாடாகும்.

பலவற்றுள் ஒன்றைத் தெரிதல் இரண்டாம் வழி. இருபது அமினோவமிலங்களைக் கொண்டு பத்து நிலைகளையுடைய சங்கிலிகளை ஏறக்குறையப் பத்து இலட்சம் கோடி வகையாகத் தொடுக்கலாம். அத்தனையையும் ஆக்குதல் எளிதன்று. மேற்கூறிய நிறுவகத்தார் 80 கோடி பெப்தைட்டுகளின் கலவையை வைரசின் பற்றுபகுதியோடு சேர்த்து, பற்றாதவற்றைக் கழுவி நீக்கி, எஞ்சியவற்றின் தொடர்வரிசையைத் திணிவு நிறமாலைமானியால் அறிந்தனர். 2021இல் வெளியான அவ்வாய்வில் மூன்று பெப்தைட்டுகள் தேறின. எனினும் அவை ஏ.சீ.ஈ. 2 பற்றுவதைத் தடுத்தில. வேறோரிடத்தைப் பற்றின போலும். எனவே அவை மருந்தாகாது வைரசுப் புரதத்தைக் கண்டறியும் கருவியாகவே பயன்படத்தக்கனவாயின. பற்றுதல் வேறு, தடுத்தல் வேறு என்பது ஈண்டுக் கருதற்பாலது.

புதிதாக வரைந்தமைத்தல் மூன்றாம் வழி. வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழுவினர், பற்றுபகுதியின் வடிவுக்குப் பொருந்துமாறு மூன்று சுருள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சிறுபுரதங்களைக் கணினியின் துணையால் அமைத்து 2020இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று 56 அமினோவமிலங்களே கொண்டது. ஆயினும் மிகச் சிறிய செறிவிலேயே வைரசைத் தடுத்தது. எலிகளையும் நோயினின்று காத்தது. புரதங்களை வரைந்தமைக்கும் பணிக்காகப் பேக்கர் 2024இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசிற் பாதியைப் பெற்றார்.

எனினும் வைரசு மாறாது நிற்பதன்று. 2021இன் இறுதியில் எழுந்த ஒமிக்குரோன் வகையின் பற்றுபகுதியிற் பல அமினோவமிலங்கள் மாறியிருந்தமையால், தனித்துப் பற்றிய சிறுபுரதம் வலிகுன்றிற்று. அதன்மேல் ஆய்வாளர் மூன்று சிறுபுரதங்களை ஒன்றாய்ப் பிணைத்து, முள்ளின் மூன்று பற்றுபகுதிகளையும் ஒருங்கே பற்றச் செய்தனர். 2022இல் வெளியான அம்முயற்சி ஒமிக்குரோனையும் தடுத்தது.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது யாது? ஆய்வுகூடத்திற் பற்றும் பொருள் யாவும் மருந்தாவதில்லை. பற்றும் இடம், வடிவின் உறுதி, பகைவனின் மாற்றம் ஆகிய மூன்றையும் கடந்த பின்னரே அது மனிதனிற் சோதித்தற்குரியதாகும். தன் முடிவைத் தானே மீண்டும் சோதித்துப் பிழை கண்டவிடத்து ஒப்புக்கொள்ளும் நேர்மையே விஞ்ஞானத்தை முன்செலுத்துவது.